கீழே ஆறு பேர் வேண்டுமாம்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்போதெல்லாம் யார் சிரித்தாலும், எம்.எல்.எம். விற்பனைக்கு ஆள் சேர்க்க வந்தவரோ என்று பயமாக இருக்கிறது. கல்யாணப் பந்தியில் பக்கத்து அக்கா "இளைச்சிட்டியேம்மா" என்று ஆரம்பித்து, சாம்பார் வருவதற்குள் கைப்பையிலிருந்து சருமத்துக்கென்று விற்கும் கொலாஜன் பாக்கெட்டை எடுத்து இலை ஓரத்தில் வைத்துவிடுகிறார். கோயிலிலும் இதே கதை, துக்க வீட்டிலும் இதே கதை. வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம் என்கிறீர்களே, அப்புறம் ஏன் என் வீட்டில் வந்து உட்காருகிறீர்கள்?

நான் சேர்ந்தால் எனக்குக் கீழே ஆறு பேர், அவர்கள் ஒவ்வொருவருக்கும் கீழே ஆறு பேராம். ஏழாவது அடுக்கில் மட்டும் 279,936 பேர் வேண்டும், இங்கே செம்பனை மரங்களையும் உறுப்பினராகச் சேர்த்தால்தான் உண்டு! ஆள் சேர்ப்பதற்கே காசு என்றால் அது பிரமிட் திட்டம், சட்டப்படி தடை என்றால், "எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கும்மா" என்கிறார். சரி, லைசென்ஸ் வந்து ஷாம்பு விற்குமா? விற்பனைப் பாயிண்ட் குறையக்கூடாதென்று மாதாமாதம் சொந்தக் காசில் வாங்கிய பெட்டிகள் அவர் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன, பேரனுக்குத் தலை முதல் கால் வரை அந்த ஷாம்புதான். இதில் அடுத்த வருடம் 'டைமண்ட்' என்ற உயர்ந்த படிக்கு வந்துவிடுவாராம், மைவி கார் தவணைக்கோ மகனிடம் கை நீட்டுகிறார்.

சனிக்கிழமை ஈப்போவிலிருந்து கோட்டு போட்ட லீடர் வருகிறாராம், சாப்பாடும் உண்டாம். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல், இப்போதே சொல்லிவிட்டேன்.