ரெண்டு விநாடி ஆயுசு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல வெயில்ல அலைஞ்சு ஒவ்வொரு பார்ட்டா வாங்கி, ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோத்த கம்ப்யூட்டர். பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுத்துச்சு, லைட் எரிஞ்சுது, நானும் சிரிச்சேன். 'டக்'. அணைஞ்சு போச்சு. மறுபடி அழுத்தினா மறுபடியும் அதே ரெண்டு விநாடி.

ரேமைக் கழட்டி மாட்டினேன். ப்ராசஸருக்குப் போற 8 பின் வயரைப் பிடுங்கிச் செருகினேன். அம்மா எட்டிப் பார்த்து, "கடையிலயே ரெடியா வாங்கியிருக்கலாம்லடா?" எரியுற நெருப்புல எண்ணெய்.

போன் போட்ட மூணு பேரும் சொல்லிவச்ச மாதிரி "எஸ்எம்பிஎஸ் போச்சு, மாத்து"ன்னாங்க. அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை பெட்டி.

மூணாம் நாள் வெறுத்துப்போய் மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலயே வச்சு, பவர் பட்டன் வயர் மாட்டுற குட்டிப் பின் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால சேர்த்துத் தொட்டேன். ஜம்முனு ஓடுது! அப்போ குத்தம் கேபினெட்லதான். டார்ச் அடிச்சுப் பார்த்தா, என் மைக்ரோ ஏடிஎக்ஸ்ங்கிற சின்ன சைஸ் போர்டுல துளையே இல்லாத இடத்துல ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப், அதான் போர்டைக் கேபினெட்ல படாம தூக்கிப் பிடிக்கிற குட்டிக் கால். பெரிய போர்டுக்காக முன்னாடியே முறுக்கி வச்சது. அது போர்டு முதுகுல முட்டி ஷார்ட் ஆக, பவர் சப்ளை தன்னைக் காப்பாத்திக்க ஒவ்வொரு தடவையும் அணைஞ்சிருக்கு. சுண்டுவிரல் நகம் அளவு இருக்கு, சனியன்!