தவளைக்கால் வாங்கலாமா? வாட்ஸ்அப் செய்தி தவறு

“தவளைக்கால் ஏற்றுமதிக்கு மட்டும்தான் தடை. வீட்டுச் சமையலுக்கு வாங்கலாம், பிடிக்கலாம், மீன் மாதிரிதான்” என்று தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. கூடவே பூண்டு, வெண்ணெய் போட்ட சமையல் குறிப்பும் இருக்கிறது. இது தவறு. நம்பி யாரும் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஏற்றுமதியை 1987-இல் இந்தியா நிறுத்தியது உண்மை. ஆனால் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் வேறு சட்டத்தில் வருகின்றன. மழை விழுந்ததும் கண்மாய்க் கரையில் மஞ்சளாக மாறி, தாடைக்கு இருபுறமும் நீலப் பை உப்பக் கத்துமே, அந்தப் பெரிய தவளைக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஒரு சட்டி குழம்புக்காகப் பிடித்தாலும் குற்றம்தான். வயலில் பூச்சி தின்னும் உயிர் அது. நெல் போடும் நம் ஊருக்கு அது வேண்டும்.

அப்புறம், அந்தச் செய்தியோடு வரும் காணொளி. உப்புப் போட்டதும் கால்கள் துடிக்கின்றன. “உயிர் இன்னும் போகவில்லை” என்கிறார்கள். அப்படி இல்லை. புதிதாக வெட்டிய தசையில் கொஞ்ச நேரம் ஆற்றல் மிச்சம் இருக்கும். உப்பிலுள்ள சோடியம் நரம்பைத் தூண்டிவிட, தசை சுருங்குகிறது. அப்போதே வெட்டிய மீனிலும் இதைப் பார்க்கலாம்.

பிரான்சில் தவளைக்கால் சாப்பாடு, இந்தோனேசியா ஏற்றுமதி செய்கிறது. சரி, அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே யாராவது விற்றால் வாங்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.