பதினோரு மணி நேரம் உழைச்சாலும் எட்டுன்னுதான் எழுதணுமா?

"நல்ல கம்பெனிதானே, ஏன் பொலம்புற?" ஊருக்குப் போனா சித்தப்பாவுல இருந்து பக்கத்து வீட்டு அக்கா வரைக்கும் இதையேதான் கேக்குறாங்க. நல்ல கம்பெனிதான், நான் இல்லைன்னு சொல்லவே இல்ல. மாசக் கடைசியில சம்பளம் டான்னு வந்துடும். அம்மாவோட பைபாஸுக்கு இன்சூரன்ஸ்தான் கை கொடுத்துச்சு. ஒண்ணும் தெரியாம பெங்களூரு பெல்லந்தூர்ல இருக்கிற இந்த ஐடி ஆபீஸ்ல வந்து நின்ன எனக்கு, ஜனங்க பயன்படுத்திட்டு இருக்கும்போதே சிஸ்டம் விழுந்தா பதறாம லாக், அதாவது சிஸ்டம் தானா எழுதி வைக்கிற பதிவு, படிக்கிறது எப்படின்னு பக்கத்துல உக்கார வச்சு சொல்லிக் குடுத்தவரு எங்க டீம் லீட் அண்ணா. அந்த நன்றி எப்பவும் இருக்கும்.

அதுக்காக என் நேரத்தைத் திருடலாமா?

வெள்ளிக்கிழமையானா, எந்த நாள் எத்தனை மணி நேரம் வேலை பாத்தோம்னு டைம்ஷீட் போடணும். ஒரு நாளுக்கான கட்டத்துல 11னு அடிச்சா சுத்தி சிவப்பாயிடும், சப்மிட் ஆகாது. 8 அடிச்சாதான் விடும். காலையில ஸ்டாண்டப்னு சொல்ற டீம் மீட்டிங்ல ஆரம்பிச்சு, அமெரிக்கா கிளையன்ட்டோட கால் முடியறப்போ ராத்திரி பதினொண்ணு ஆயிடுது. அந்த நேரமெல்லாம் எந்தக் கணக்குலயும் இல்ல. கணக்குல இல்லாததுக்கு ஓவர்டைம் எப்படிக் கேக்குறது? பச்சைப் பொய்யை எங்க கையாலயே எழுத வைக்கிறாங்க, அதான் வயிறு எரியுது.

சட்டம் இல்லாமலா இருக்கு? கர்நாடகாவோட கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961லயே வந்தது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48. அதுக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலி. ஹெச்ஆர்கிட்ட இதைச் சொன்னா, "இங்க ஓனர்ஷிப் கல்ச்சர்"னு பதில், அதாவது கம்பெனியை நம்மளோடதா நினைச்சு உழைக்கணுமாம். என்ன ஓனர்ஷிப்? லாபத்துல பங்கா குடுத்தீங்க? 2024 ஜூலையில இந்தச் சட்டத்தையே திருத்தி ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம்னு ஒரு யோசனை வந்துச்சு. ஐடி ஊழியர் சங்கம் கேஐடியூ எதிர்த்து நின்னுச்சு. நிக்கலைன்னா இப்ப நாங்க படுறதையே சட்டமாக்கி இருப்பாங்க.

பொங்கலுக்கு லீவு அப்ரூவ் ஆகி, சில்க் போர்டுல மதுரை பஸ் ஏறினேன். ஓசூர் தாண்டல, ஆபீஸ்ல இருந்து போன். "பத்தே நிமிஷம் ப்ரோ." மடியில லேப்டாப், போன்ல ஹாட்ஸ்பாட், ஒவ்வொரு டவரா சிக்னல் போய்ப் போய் வருது. பக்கத்து சீட்டுப் பெரியவர் வெளிச்சம் கண்ணுல அடிக்குதுன்னு துண்டை எடுத்து முகத்துல போட்டுக்கிட்டாரு. திண்டுக்கல் தாண்டித்தான் மூடி வச்சேன். வீட்ல பொங்கப் பானை வைக்கிறப்போ நான் தூங்கிட்டு இருந்தேன். பெங்களூருக்குத் திரும்பி வந்து பார்த்தா, அந்த நாளை முழு லீவுன்னு என் கணக்குல கழிச்சிருக்காங்க!

சம்பளத்தை ஏத்துங்கன்னு நான் கேக்கல. பாத்த வேலையைப் பாத்தபடி எழுத விடுங்க, அந்த லீவைத் திருப்பிக் குடுங்க. ரெண்டையும் மெயில்ல எழுத்துலயே கேட்டிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் பதில் போடல.