நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு

கேமரன் மலை ரிங்லெட்டில் மத்தியானம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. டயர்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்ரசர் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓடி ஓய்ந்த கம்ப்ரசரில் இன்னும் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கிறது. அதற்காகத்தான் அந்த இடம். கார்த்திகை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கால்விரல் விறைக்கிறது. எதிர்ச்சரிவில் தேயிலை இருப்பதே தெரியவில்லை. மூடுபனி மொத்தமாக விழுங்கிவிட்டது.

நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்கு லாஸ் வேகாஸ் பந்தயம், 2025 ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத் தொடரில் ஒன்று. அங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி. நமக்கும் அவர்களுக்கும் சரியாகப் பதினாறு மணி நேர வித்தியாசம். பந்தய வாரம் வந்தால் கீழே இருக்கும் நண்பர்கள் வாட்ஸ்அப்பில் பொரிந்து தள்ளுவது வழக்கம். (தாப்பாவிலிருந்து கோலாலம்பூர் வரை எல்லாமே எங்களுக்குக் கீழேதான்.) “சூதாட்ட விடுதி வாசலில் கார் ஓட்டுகிறார்கள், இது பந்தயமா, கேளிக்கைச் சந்தையா?” என்கிறார் ஒருவர். “நவம்பர் மாதத்தில், பாலைவனத்தில், இரவில், அந்தக் குளிரில் யாராவது பந்தயம் வைப்பார்களா?” என்கிறார் இன்னொருவர். முதலாமவருக்கு நான் பதில் சொல்வதில்லை. அந்த விளக்கும் கூத்தும் எனக்கும் பிடிக்காது. இரண்டாமவரோடுதான் எனக்குச் சண்டை. இந்த ஆண்டு மொத்தம் இருபத்து நான்கு பந்தயம். அதில் இந்த ஒன்றுக்காக நான் வியாழக்கிழமையிலிருந்தே நிலைகொள்ளாமல் அலைகிறேன் என்றால் அதற்கு அந்தக் குளிர்தான் காரணம்.

டயர் கடைக்காரன் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறி வரும் காரின் டயரைத் தொட்டால் சுடும். சுற்றுலா வந்தவர் காற்றை அளந்து பார்த்துவிட்டு, “அதிகமாக இருக்கிறது, கொஞ்சம் இறக்கிவிடுங்கள் அண்ணா” என்பார். நான் இறக்க மாட்டேன். டயரில் சூடு ஐந்தாறு டிகிரி ஏறினால் அழுத்தம் ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ கூடும். இரவெல்லாம் மலைக்குளிரில் நின்றால் அதே கணக்கில் இறங்கும். இப்போது இறக்கிவிட்டால் காலையில் டயர் தொய்ந்துபோய் நிற்கும். காற்றைக் குளிர்ந்த டயரில்தான் அளக்க வேண்டும் என்று சொன்னால், ஏதோ எனக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஊர்க் காருக்கே இந்தப் பாடு. பந்தயக் காரின் டயரோ வேறு சாதி. அதில் பூவே கிடையாது. (வரிப்பள்ளத்தைத்தான் சொல்கிறேன், மலாய்க்காரர்கள் பூ என்று சொல்லிச் சொல்லி நமக்கும் அது பூவாகிவிட்டது.) மொழுமொழுவென்றிருக்கும் அந்த ரப்பர் நூறு டிகிரியை ஒட்டிச் சூடேறினால்தான் தாரைப் பற்றும். அணியின் கொட்டகையில் மின்போர்வை போர்த்தி எழுபது டிகிரி வரை சூடாக்கி அனுப்புவார்கள். மீதியை ஓட்டுநர்தான் வளைவுகளில் அழுத்தி, நெருக்கி உண்டாக்க வேண்டும். லாஸ் வேகாஸ் தடம் அதற்கு இடம் கொடுக்காது. 6.2 கிலோமீட்டர் சுற்று, 17 வளைவு, அதில் ஏறக்குறைய 1.9 கிலோமீட்டர் ஒரே நேர்ப்பாதை. மணிக்கு 340 கிலோமீட்டர் வேகத்தில் குளிர்காற்று வந்து அறைந்தால், பாடுபட்டுச் சேர்த்த சூடெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். பிரேக்கும் அப்படித்தான். கார்பன் பிரேக்குக்குச் சில நூறு டிகிரி சூடு இருந்தால்தான் பிடிக்கும். நேர்ப்பாதையின் கோடியில், உயிரே அதை நம்பியிருக்கும் இடத்தில், அது ஆறிப்போய் வந்து சேரும். நேர்ப்பாதையில் வேகம் வேண்டும் என்று இறக்கைகளை மெலிதாக்குகிறார்கள். இறக்கை மெலிந்தால் டயரை அழுத்தும் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் சூடும் குறைகிறது. எங்கே கைவைத்தாலும் வேறெங்கோ இடிக்கிறது.

சூடேறாத டயர் வழுக்கும். வழுக்கும்போது அதன் மேல்தோல் உரியும். கடையில் வேலை செய்யும் தம்பிக்கு இது விளங்கவில்லை. பில் புத்தகத்தின் பின்னட்டையில் என் மகனின் அழிப்பானை வைத்து அழுத்தித் தேய்த்துக் காட்டினேன். கறுத்துப்போன ரப்பர் சுருள் சுருளாகத் திரண்டு நின்றது. “இந்தச் சுருள் டயரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு டயருக்கும் சாலைக்கும் நடுவே இதுதான் இருக்கும்” என்றேன். அவன் சுருளை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் இன்னும் வேகமாக ஓட்டிச் சூடாக்க வேண்டியதுதானே அண்ணா?” என்றான். வேகமாக ஓட்டினால் இன்னும் வழுக்கும், இன்னும் உரியும். மெதுவாக ஓட்டினால் இன்னும் ஆறும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு இடம் இருக்கிறது. அந்த இடம் எங்கே என்று எந்தக் கணினியும் முன்கூட்டிச் சொல்லாது.

என் கட்சி இதுதான். வெயிலை இந்தப் பொறியாளர்கள் கரைத்துக் குடித்துவிட்டார்கள். பஹ்ரைனா, சிங்கப்பூரா, எவ்வளவு சுட்டாலும் அவர்களிடம் விடை இருக்கிறது. குளிருக்கு மட்டும் இன்னும் தடுமாறுகிறார்கள். மெக்லாரன் அணியின் காரைப் பாருங்கள். சூடான தடத்தில் டயரைப் பொத்திப் பொத்தி ஆறவைத்து ஓட்டுவதில் அதை மிஞ்ச ஆளில்லை. அதே குணம்தான் போன ஆண்டு லாஸ் வேகாஸில் காலை வாரியது. 2024-ல் அதன் ஓட்டுநர்கள் நோரிஸ் ஆறாவது, பியாஸ்ட்ரி ஏழாவது. வெயிலில் டயரைப் பொசுக்கிக்கொண்டு பின்தங்கும் மெர்சிடிஸ் அன்றைக்கு முதல் இரண்டு இடத்தையும் அள்ளிக்கொண்டு போனது. அந்த அணியின் ரசல் முதல் வரிசையிலிருந்து வென்றார். ஹாமில்டன் பத்தாம் இடத்திலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். வியாழக்கிழமைப் பயிற்சியில் ஹாமில்டன் இரண்டு முறையும் முதலில் வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். “பயிற்சியில் யார்தான் வேகமாக ஓட்டமாட்டார்கள்” என்று வீறாப்பாகப் பேசி, பந்தயம் கட்டி, பத்து ரொட்டிச் சானாய்க்குப் பணம் கொடுத்தவன் நான்.

இந்த முறை யாரும் பந்தயம் கட்டக்கூட வரவில்லை. எப்படி வருவார்கள்? நேற்றுப் பகல் இரண்டாம் பயிற்சியில் சாலையின் சாக்கடை மூடி ஒன்று தளர்ந்திருக்கிறது என்று இரண்டு முறை சிவப்புக் கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். 2023-ல் இதே ஊரில், முதல் பயிற்சி தொடங்கி எட்டே நிமிடத்தில், மூடி ஒன்று பெயர்ந்து சைன்ஸின் ஃபெராரியை அடியோடு கிழித்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகும் கற்றுக்கொள்ளவில்லை. நம் ஊராட்சி மன்றத்தைக் குறைசொல்லும்போது இனி கொஞ்சம் யோசிக்க வேண்டும்போல. இன்றைக்குத் தகுதிச் சுற்றில் மழை. குளிர், ஈரம், வெள்ளைக் கோடு, பக்கத்திலேயே சுவர். நோரிஸ் முதலிடம் பிடித்தார், ரெட் புல் அணியின் வெர்ஸ்டாப்பன் இரண்டாவது. ஏழு முறை உலக வாகையர் ஹாமில்டன் கடைசி. நான் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் ஹைலக்ஸை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் ஹாரன் அடித்தாராம்.

ஆக, நாளை தடம் காய்ந்திருந்தால், அந்தக் குளிரில் ஐம்பது சுற்று ஓடினால் டயர் என்ன செய்யும் என்பதற்கு ஒழுங்கான கணக்கு எந்த அணியிடமும் இல்லை. நோரிஸிடம் 390 புள்ளி, பியாஸ்ட்ரியிடம் 366, வெர்ஸ்டாப்பனிடம் 341. பட்டம் யாருக்கு என்பது தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், கோடிக்கணக்கில் செலவு செய்யும் பத்து அணிகளும் என்னைப் போலவே முழித்துக்கொண்டிருக்கின்றன. இதைவிட வேறென்ன வேண்டும்?

நமக்கென்று ஒரு பந்தயம் இருந்தபோது குளிர் என்ற பேச்சே கிடையாது. 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் பத்தொன்பது பந்தயம். 2005-ல் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் வருகிறார் என்றதும் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போனோம். கோயம்புத்தூர்க்காரர், ஃபார்முலா ஒன்னில் நம் ஆள். அப்பா அப்போது கொழுந்து லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்ப் பயணம் என்றால் கம்பளிச் சட்டை போட்டுத்தான் அவருக்குப் பழக்கம். அதே சட்டையோடு செப்பாங் புல்மேட்டில் வந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் கழற்றித் தலைக்குப் போட்டுக்கொண்டார். கார்த்திகேயன் பதினோராவதாக வந்தார். நாங்கள் வென்றுவிட்டதுபோல் கத்தினோம். திரும்பும்போது அப்பா சொன்னது ஒன்றுதான்: “இந்த வெயிலில் ஓட்டுகிறவன் மனிதனே இல்லை.”

2009-ல் ஐரோப்பாவில் பார்க்கிறவர்களுக்கு வசதி என்று செப்பாங் பந்தயத்தை மாலை ஐந்து மணிக்கு வைத்தார்கள். மலேசியாவில் ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்று எங்கள் தோட்டத்தில் கொழுந்து கிள்ளும் எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். வானம் பிளந்துகொண்டது. 56 சுற்றுக்குப் பதிலாக 31 சுற்றுக் கணக்கோடு முடித்து, வென்ற ஜென்சன் பட்டனுக்குப் பாதிப் புள்ளி கொடுத்து அனுப்பினார்கள். பந்தயம் நின்றிருந்த நேரத்தில் கிமி ராய்க்கோனன் கால்சட்டையோடு வந்து ஐஸ்கிரீம் தின்றார். அந்தப் பந்தயத்தில் எனக்கு மறக்காத காட்சி அதுதான்.

இந்த விளையாட்டு ஆண்டு முழுவதும் வெயிலைத் துரத்திக்கொண்டே ஓடுகிறது. மார்ச்சில் தொடங்கி, டிசம்பரில் அபுதாபியில் போய் முடிகிறது. 2018-ல் பார்சலோனா பயிற்சி ஓட்டத்தின்போது பனி பெய்து, அன்று முழுவதும் அலொன்சோ ஒருவர் மட்டும்தான் நேரம் பதிவு செய்தார். உடனே இனிப் பயிற்சியைச் சூடான நாட்டில் வையுங்கள் என்று கூச்சல். எனக்கு அந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. 1978 அக்டோபரில் மொன்ட்ரியலில் வெறும் ஐந்து டிகிரியில் பந்தயம் நடந்திருக்கிறது. வென்றவர் யார்? உள்ளூர்க்காரர் ஜில் வில்நவ், ஃபெராரியில். அதுதான் அவருடைய முதல் வெற்றி. அவர் கார்ப் பந்தயத்துக்கு வருமுன் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் பேர் வாங்கியவர். பிடிப்பே இல்லாத தரையில் ஓட்டிப் பழகிய கை. லோட்டஸில் முன்னால் ஓடிய ஜாரியேவின் கார் பழுதானதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. 2026-ல் கனடா பந்தயத்தை மே மாதத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். போக்குவரத்தைக் குறைக்க என்று சொல்கிறார்கள். எதற்காகவோ இருக்கட்டும், மே மாதத்து மொன்ட்ரியல் கொஞ்சம் நடுங்கட்டும்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. லோரியை விட்டுப் பல ஆண்டாகிறது. காலையில் என்ஜினைக் கிளப்பிவிட்டு உடனே நகர்த்த மாட்டார். பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். சூடு கைக்கு ஏறியதும்தான் ஏறி உட்காருவார். முள்ளைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டால், “முள் பொய் சொல்லும்” என்பார். பந்தயத்தில் அவருக்குப் பிடித்தது டயருக்குப் போர்வை போர்த்தும் காட்சி ஒன்றுதான். தானும் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்வார்.

நாளைக்கு என் நண்பர் ஒருவரும் வருகிறார். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். விடியற்காலை நாலரை மணிக்கு இந்த ரிங்லெட் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிற மனிதரிடம் லாஸ் வேகாஸ் குளிரைப் பற்றி நான் பேசவே முடியாது. “இதெல்லாம் ஒரு குளிரா?” என்று தொடங்கிவிடுவார். சாமி வருவதால் வீட்டில் சாம்பார் என்று மனைவி அறிவித்தாகிவிட்டது; ஞாயிற்றுக்கிழமைக் கோழி போனதில் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். யார் வெல்வார் என்று அவனிடம் கேட்டேன். நோரிஸ் என்றான். அப்பாவிடம் கேட்டேன். மழை நிற்குமா என்று திருப்பிக் கேட்டார். நான் ரசல் என்று சொல்லி வைத்திருக்கிறேன், நான்காம் இடத்திலிருந்து கிளம்பி. இந்த முறை ரொட்டிச் சானாய் எதையும் பணயம் வைக்கவில்லை.

மழை கொஞ்சம் தூறலாகியிருக்கிறது. கம்ப்ரசரும் ஆறிவிட்டது. ஷட்டரை முழுவதும் இறக்கிவிட்டுக் கிளம்புகிறேன். காலையில் எழுந்ததும் அப்பாவின் பழைய காருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள்.