வாளி கனத்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்ததைப் பாதிப் பேர் நேரில் பார்த்தீர்கள். மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் காணொளி வந்திருக்கும். கனடியன் சோலார் என்ற சூரிய மின்தகட்டுக் கம்பெனியின் பங்கை வாங்கச் சொல்லி அங்கே பேசிய தம்பியின் பெயரை எழுதப் போவதில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "தகடு அதிகம் விற்றது சரி, இலாபம் எவ்வளவு தம்பி?" ஒலிபெருக்கியில் பதில் வந்தது: "ஐயா இன்னும் பால் வாளிக் கணக்கிலேயே இருக்கிறார்." மண்டபம் சிரித்தது. என் சம்பந்தியும் சிரித்தார்.

சரி, அந்தப் பால் வாளிக் கணக்கையே சொல்கிறேன்.

கெடாவில் பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் 22 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவனாக, இருந்தவன் நான். மழைத் தண்ணீர் கலந்த நாளில் வாளிகள் கனமாக வரும். தூக்கி வருகிறவருக்கு மகிழ்ச்சி. பாலில் ரப்பர் எவ்வளவு என்று காட்டும் மெட்ரோலாக்கை நான் அதில் மிதக்கவிடுவேன். கோடு போட்ட அந்தக் குழாய்க்கு முகதாட்சண்யம் கிடையாது. நல்ல பாலிலேயே மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். வாளியின் கனத்துக்குக் கூலி இல்லை, காய்ந்து நிற்கும் ரப்பருக்குத்தான். ஒருநாள் என் அம்மாவின் வாளிக்கே குறைத்து எழுதினேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்.

இப்போது தம்பி திரையில் காட்டிய கனடியன் சோலாருக்கு வருவோம். 2023இல் அது அனுப்பிய தகடுகள் 30.7 கிகாவாட். 2024இல் 31.1. வாளி கனத்துவிட்டது, கைதட்டுங்கள். வருமானம் 7.6 பில்லியன் அமெரிக்க டாலரிலிருந்து 6 பில்லியனுக்கு இறங்கியது. இலாபம் 274 மில்லியனிலிருந்து 36 மில்லியன். சீன ஆலைகள் தேவைக்கு மேல் செய்து குவித்ததில் தகட்டின் விலை சரிந்தது. அதிகம் விற்றும் கையில் தங்கவில்லை. ரப்பர் விலை விழுந்த ஆண்டுகளில் நாம் பார்க்காததா இது?

2025 முதல் காலாண்டில் 34 மில்லியன் நட்டம். அது திரையில் வரவில்லை. இரண்டாம் காலாண்டின் மொத்த இலாப விகிதம் (சரக்கின் அடக்கச் செலவை மட்டும் கழித்தது), 29.8 விழுக்காடு, பெரிய எழுத்தில் வந்தது. அதே அறிக்கையில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள்: 1.7 பில்லியன் வருமானத்தில் வட்டியும் மற்றச் செலவுகளும் போகப் பங்குதாரர் கணக்கில் நின்றது 7 மில்லியன். ஆயிரம் வெள்ளிக்கு வியாபாரம் செய்து நான்கு வெள்ளி. கேட்டது இதைத்தான். வாளியை அல்ல, ரப்பரை.

மின்கலச் சேமிப்பு வளர்கிறதே என்பீர்கள். வளர்கிறது. 2024இல் 6.6 கிகாவாட் மணி அனுப்பினார்கள், அதில் தகட்டைவிட நல்ல மிச்சம். ஒப்புக்கொண்டுவிட்டேன், போதுமா? சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் வீட்டுக் கூரையில் எட்டுத் தகடுகள் இருக்கின்றன ஐயா, ஏறிப் பாருங்கள். தகடு நல்லது என்பது வேறு, அதைச் செய்கிறவனின் பங்கு நல்லது என்பது வேறு.

"நம் பிள்ளைகள் வேலை செய்யும் கூலிம் ஆலைதானே" என்றும் தம்பி சொன்னார். கூலிமில் இருப்பது ஃபர்ஸ்ட் சோலார். அது அமெரிக்க நிறுவனம். கனடியன் சோலார் 2001இல் ஒண்டாரியோவில் தொடங்கியது. தகடே வேறு வகை, கம்பெனியே வேறு. இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

ஆங்கில அறிக்கை இவருக்கு எங்கே புரியும் என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள் என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்கார துரை விட்டுப்போன கணக்குப் புத்தகங்களைச் சரிபார்த்தவன் நான். பட்டதாரி இல்லை, உண்மை. கூட்டல் கழித்தலுக்குப் பட்டம் வேண்டுமா?

திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டு அக்காள் வந்தார். கணவர் விட்டுப்போன சேமநிதிப் பணம். பங்கு வாங்கும் பாரம் (விண்ணப்பப் படிவம்) பிளாஸ்டிக் பையில், கையெழுத்து மட்டும் பாக்கி. "தம்பி நல்ல பிள்ளைதானே?" என்று கேட்டார். நல்ல பிள்ளைதான் என்றேன். அறிக்கையின் அந்தப் பக்கத்தைத் திறந்து, 7 என்ற எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சம்பந்தி, நீங்களும் பாரம் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் சிரித்ததை மறக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்.