எண்ணிக்கை சமம் என்பதால் பேர்டு டி-டெஸ்ட் ஆகிவிடாது

"இரண்டு குழுவிலும் ஆள் எண்ணிக்கை சமமாக இருந்தால் பேர்டு டி-டெஸ்ட் போடலாம்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் பலர் அதை அப்படியே எடுத்துக்கொள்வதால் சொல்கிறேன்: அது சரியில்லை.

டி-டெஸ்ட் என்பது இரண்டு சராசரிகளை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை. அதில் பேர்டு (ஜோடி) என்றால் ஒவ்வொரு வரியிலும் உள்ள இரண்டு எண்களும் ஒருவருடையவையாகவோ (பயிற்சிக்கு முன், பின்) திட்டமிட்டு ஜோடி சேர்த்தவர்களுடையவையாகவோ இருக்க வேண்டும். பட்டர்வொர்த் பள்ளியில் 30 பேர், பிறை ஊர்ப் பள்ளியில் வேறு 30 பேர் என்றால் அது இண்டிபெண்டன்ட் (தனித்தனிக் குழுக்களுக்கான) டி-டெஸ்ட்தான்.

பிழை பெரும்பாலும் தரவை உள்ளிடும்போதே தொடங்குகிறது. இரண்டு பள்ளி மதிப்பெண்களையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் போட்டால், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் பேர்டுக்குத்தான் அது பொருந்தும். எல்லா மதிப்பெண்ணையும் ஒரே பத்தியில் 60 வரியாகப் போடுங்கள். அடுத்த பத்தியில் பள்ளிக்கு 1 அல்லது 2. டெஸ்ட் போடும்போது குழுக்களைக் குறிப்பிடும் டிஃபைன் குரூப்ஸிலும் அதே 1, 2 கொடுக்க வேண்டும்; இதை மறந்தால் டெஸ்ட் ஓடாது.

நீங்களே சரிபார்க்கலாம். எக்செல்லில் இரண்டு பள்ளி மதிப்பெண்களையும் தனித்தனிப் பத்தியில் வைத்து, அவற்றுக்கு டி.டெஸ்ட் ஃபங்ஷனைப் போட்டு, கடைசி எண்ணாக ஒருமுறை 1 (பேர்டு), ஒருமுறை 3 (இண்டிபெண்டன்ட், வேரியன்ஸ், அதாவது மதிப்பெண்களின் பரவல், சமமில்லாதது) கொடுங்கள். பிறகு, நகல் கோப்பில், ஒரு பத்தியை மட்டும் வரிசை மாற்றிக் கலைத்துவிடுங்கள். 3 தந்த பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு) அசையாது. 1 தந்தது மாறிவிடும். வேறு வேறு மாணவர்கள் என்றால் யார் எந்த வரியில் இருக்கிறார் என்பதற்குப் பொருளே இல்லை, அதனால் முடிவு மாறவும் கூடாது.