சைக்கிள் டியூப் வளையம்

பழைய பொம்மை சேகரிக்கும் நண்பர்களோடு எனக்கு ஒரு வாக்குவாதம் பாக்கி இருக்கிறது. பழுது பார்த்த பொம்மை உதிரிக்குத்தான் ஆகும் என்கிறார்களே, அதைப் பற்றி. ரொம்ப நாளாக மனதிலேயே வைத்திருந்தேன். போன மாதம் பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் நடந்ததற்குப் பிறகு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தரையில் விரித்த தார்ப்பாய்களில் பழைய கைக்கடிகாரம், கேசட், பீங்கான் தட்டு, பொம்மை எல்லாம் கலந்து கிடக்கும் இடம் அது. என் பையில் இருந்த ஸ்நேக் ஐஸ் பொம்மையை (ஜி.ஐ. ஜோ என்ற அமெரிக்கப் போர்வீரர் பொம்மை வரிசையில் ஒருவன்) ஒரு வியாபாரியிடம் காட்டினேன். விற்பதற்கு இல்லை. அதற்குரிய துப்பாக்கி அவரிடம் இருந்தால் வாங்கலாம் என்றுதான். அவர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வலது கட்டைவிரல் இல்லை. முதுகு ஸ்க்ரூவில் துரு. காலை லேசாக இழுத்து இடுப்பு இடுக்கில் எட்டிப் பார்த்தார். "ஓரிங் ஒரிஜினல் இல்லை பாங், உதிரிக்குத்தான் ஆகும், லிமா பெலாஸ்" என்று மலாயில் சொன்னார். பதினைந்து வெள்ளி (ரிங்கிட்).

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அவர் தொழில். சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் உள்ளே இருந்த அந்தக் கறுப்பு ரப்பரையும் குறைகளோடு சேர்த்து எண்ணினாரே, அதை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வீடு வந்து சேரும்வரை அதே நினைப்புதான்.

இந்தப் பொம்மையைப் பிரித்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவை 1964-இல் கொண்டுவந்தபோது அது ஏறக்குறைய ஓரடி உயரம், துணியில் சட்டை போட்டது. பொம்மை என்று சொன்னால் பையன்களுக்கு வாங்கிக் கொடுக்க மாட்டார்கள் என்று பயந்துதான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பெயரையே உண்டாக்கினார்கள். (தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கொலுவில் இருப்பதும் பொம்மை, கடையில் தொங்குவதும் பொம்மை.) 1978-இல் கென்னர் கம்பெனி ஸ்டார் வார்ஸ் பொம்மைகளை 3¾ அங்குலத்தில் விற்று ஜெயித்த பிறகு, 1982-இல் ஜோவும் அதே அளவுக்குச் சுருங்கி மறுபடி வந்தது. நான் பேசுவது இந்தச் சின்ன ஜோவைப் பற்றி.

இதன் மார்பும் முதுகும் இரண்டு ஓடுகள். முதுகில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கால்கள் இரண்டும் ஒரு சின்ன இரும்புக் கொக்கியில் மாட்டியிருக்கும். அந்தக் கொக்கியை உடம்போடு இழுத்துப் பிடித்திருப்பது விரல் நுனி அகலத்தில் ஒரு ரப்பர் வளையம். அதுதான் ஓரிங். பொம்மை குனிவதும் இடுப்பைத் திருப்புவதும் அதன் தயவில்தான். அது அறுந்தால் உடம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். 1994 வரை இதே அமைப்பில்தான் செய்தார்கள். ஆகவே இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் பழைய ஜோக்களில் பெரும்பாலானவற்றுக்கு எப்போதோ ஒருமுறை இடுப்பு விட்டுப் போயிருக்கும்.

ஸ்நேக் ஐஸுக்கு இன்னொரு கதை உண்டு. 1982-இல் முதல் வரிசையை வெளியிட்டபோது செலவைக் குறைக்க ஒரு பொம்மைக்கு மட்டும் வண்ணமே அடிக்காமல் விட்டார்கள். முழுக்கக் கறுப்புப் பிளாஸ்டிக். முகமும் கறுப்பு. அந்தச் சிக்கனப் பொம்மைதான் பிறகு பிள்ளைகள் எல்லாரும் தேடித் திரிந்த பாத்திரம் ஆனது.

எனக்கு அவன் கிடைத்தது 1986-இல். மலேசியாவின் கெடாவில், பாடாங் செராய்க்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். அம்மாவும் வெட்டினார். கிராணியார் (தோட்டத்து எழுத்தர்) வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் அவர் மகனுக்குக் கொண்டுவந்த பொம்மை அது. சில மாதத்தில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிரிந்ததைத்தான் எனக்குக் கொடுத்தான். கைக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, ஓடி வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அப்பா அன்று மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஸ்க்ரூவைக் கழற்றினார். உள்ளே அறுந்து கிடந்த வளையத்தை விரலில் எடுத்து இழுத்துப் பார்த்து, "ரப்பர் செத்துப்போச்சு ஐயா" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கத் தொட்ட பொருள் அது, விரலுக்குத் தெரியாதா. அப்புறம் பழைய சைக்கிள் டியூப் துண்டை விரித்து, அதன் மேல் ஐந்து காசு நாணயத்தை வைத்துப் பேனாவால் கோடு போட்டு, சவர பிளேடால் வட்டமாக வெட்டினார். நடுவில் குடைந்து எடுத்தார். முதல் வளையம் இறுக்கமாக இருந்தது. கொக்கியில் மாட்டியதும் கால் விறைத்து நின்றது. இப்படியே விட்டால் இடுப்புத் துண்டு உடைந்துவிடும் என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவருக்குப் புரிந்தது. (சேகரிப்பவர்களுக்குத் தெரியும், பழைய ஜோக்கள் அடிக்கடி உடையும் இடங்களில் அதுவும் ஒன்று.) கழற்றிவிட்டு இன்னொன்று வெட்டினார். இரண்டாவது சரியாகப் பொருந்தியது. கறுப்புப் பொம்மைக்குள் கறுப்பு வளையம்.

சந்தையில் குறை என்று எண்ணப்பட்டது அந்த வளையம்தான்.

சேகரிப்பு உலகத்தின் கணக்கு எப்படிப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அட்டையோடு, பிரிக்காமல் இருந்தால் ஒரு விலை. பிரித்திருந்தால் அதில் ஒரு சின்னப் பங்கு. ஆயுதம் இல்லாவிட்டால் இன்னும் கீழே. பழுது பார்த்திருந்தால் உதிரி. சிலர் அக்ரிலிக் பெட்டியில் அடைத்து, 100-க்கு 85, 90 என்று மதிப்பெண் வாங்கி, முத்திரை வைத்து அலமாரியில் நிறுத்துகிறார்கள். பாதுகாப்பாக இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இதுதான் உச்சம் என்று வைத்துக்கொண்டால் எங்கே போய் நிற்கிறோம் பாருங்கள். 2024-இல் அமெரிக்காவில் போபா ஃபெட் என்ற ஸ்டார் வார்ஸ் பாத்திரத்தின் பொம்மை ஒன்று 525,000 டாலருக்கு ஏலம் போனது. முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மை, விற்பனைக்கு முன் முன்மாதிரியாகச் செய்தது. குழந்தைகளின் தொண்டையில் சிக்கிவிடும் என்ற பயத்தில் அதைக் கடைக்கே அனுப்பவில்லை. குழந்தைக்கென்று செய்யத் தொடங்கி, எந்தக் குழந்தையின் கைக்கும் போகாத ஒரு பொம்மைக்குத்தான் அத்தனை விலை. அதன் அருமை எனக்குப் புரிகிறது. ஆனால் அதே அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து தோட்டத்துப் பிள்ளையின் பொம்மையை அளக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஏனென்றால் அட்டையில் தொங்கிய பொம்மையை எங்களில் யாரும் வாங்கியதில்லை. பட்டர்வொர்த் கடையில் ஹீ-மேன் என்ற பலசாலி வீரன் பொம்மையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அந்த விலைக்கு அப்பா எத்தனை நாள் மரம் வெட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டேன். கேட்கவே இல்லை. இதில் என்னை இன்றும் உலுக்குவது என்னவென்றால், அந்த மேட்டல் கம்பெனி ஹீ-மேன்களில் பலவற்றின் முதுகில் 'மலேசியா' என்று பொறித்திருக்கும். ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரைக் கவிழ்த்தாலும் அடியில் அதே சொல்தான். எங்கள் லயத்திலிருந்து ஓர் அக்கா தினமும் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறிப் பிறைக்குப் பொம்மை செய்யும் வேலைக்குப் போனார். முகத்துக்கு அச்சுத் தகடு வைத்துப் பெயின்ட் தெளிக்கும் பிரிவு. ஒரு நாளைக்கு எத்தனை முகம் என்று கேட்டால், "எண்ண முடியாதுடா தம்பி" என்பார். மரத்திலிருந்து பாலை இறக்கியவர்களும் எங்கள் ஆட்கள், பொம்மைக்குக் கண் வைத்தவர்களும் எங்கள் ஆட்கள். பொம்மை மட்டும் கப்பல் ஏறிப் போய் வேறு பிள்ளைகளின் வீட்டில் இறங்கியது.

அப்படியானால் எங்களிடம் என்ன இருந்தது? நிறைய இருந்தது. சீனர் மளிகைக் கடையில் திக்காம் அட்டை தொங்கும். பத்துக் காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் நம்பருக்கு ஏற்ற சாமான். நான் வாரக்கணக்கில் கிழித்தது மேலே நடுவில் கட்டியிருந்த அல்ட்ராமேன் என்ற ஜப்பான் டி.வி. வீரன் பொம்மைக்காக. கிடைத்தது எல்லாம் விசில்தான். டிங் டாங், டோரா பெட்டிகளில் மிட்டாய்க்கு அடியில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பொம்மை கிடக்கும். சம்பள வாரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) போலி அல்ட்ராமேன் வரும். வெள்ளிநிறம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல், சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு. ஜப்பான் பண்டாய் பொம்மையின் பாதத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். இதன் பாதம் மொழுமொழுவென்று இருக்கும். இதெல்லாம் இல்லாத நாளில் மரத்துக் கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை உரித்து உருட்டிப் பந்து செய்வோம். தோட்டத்து இஞ்சின் கரண்டு இருக்கும் நேரத்தில் டி.வி.யில் காபான் என்ற ஜப்பான் வீரன் தொடரைப் பார்த்துவிட்டு, மறுநாள் அட்டைப்பெட்டியை வெட்டித் தலையில் மாட்டிக்கொள்வோம்.

இந்தப் போலி அல்ட்ராமேனையும் சேகரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போலி என்று தெளிவாகச் சொல்லி, எந்த ஊர்ச் சந்தையில், எந்த வருடம், என்ன விலை என்று எழுதி வைத்துச் சேகரிக்க வேண்டும். உரிமம் பெற்ற பொம்மைக்கு அட்டவணை இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, கம்பெனி ஆவணம் இருக்கிறது. பாசார் மாலாம் பொம்மைக்கு நம் ஞாபகத்தைத் தவிர வேறு பதிவேடு இல்லை. நாம் போனால் அதுவும் போய்விடும்.

ஆனால் ஒன்றில் நான் கண்டிப்பு. இன்று அச்சில் வார்த்த துப்பாக்கியையும் புதிதாக வெட்டிய அங்கியையும் பழையது என்று சொல்லி விற்பது ஏமாற்று. ஸ்டார் வார்ஸில் ஜாவா என்ற குட்டிப் பொம்மைக்கு ஆரம்பத்தில் வினைல் அங்கி போட்டு, சீக்கிரமே துணிக்கு மாற்றினார்கள். அந்த வினைல் அங்கிக்கு இருக்கும் விலையைப் பார்த்து எத்தனையோ பேர் போலி அங்கி செய்கிறார்கள். திக்காம் அல்ட்ராமேன் பத்துக் காசுப் பிள்ளையிடம் தன்னை யாரென்று மறைக்கவில்லை. இந்தப் போலி அங்கி மறைக்கிறது.

எங்கள் ஆட்களிடம் பொம்மை மிஞ்சாததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை. 1994-இல் எங்கள் தோட்டத்தில் பால்மரம் சாய்ந்து செம்பனை வந்தது. லயத்தைக் காலி செய்து டவுனில் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். ஒரே லாரி. அதில் கட்டில், அடுப்பு, சாமி படம், தையல் மெஷின். பிள்ளைகள் பொம்மை போட்டு வைத்த மைலோ டின்னுக்கு லாரியில் இடம் இல்லை. என் ஸ்நேக் ஐஸ் தப்பியது கால்சட்டைப் பையில் இருந்ததால்தான். அன்று லயத்துக்குப் பின்னால் குவித்து எரித்தவற்றில் என்னென்ன போயின என்று இன்றும் என் தம்பியும் நானும் பட்டியல் போடுவோம்.

உங்களில் யாரிடமாவது ஒரு டின் தப்பியிருந்தால் அதைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஊர்ச் சூடும் ஈரமும் பிளாஸ்டிக்குக்கு ஆகாது. மென்மையான வினைல் பொம்மை பிசுபிசுப்பாக இருந்தால் அது அழுக்கு மட்டும் இல்லை, பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் வெளியே கசிகிறது. லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். தின்னர், ஸ்பிரிட் வேண்டாம், வண்ணம் போய்விடும். மினுமினுக்கும் பி.வி.சி. பையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் பை நல்லது. சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போடுங்கள். வெயில் படும் ஜன்னலோர அலமாரி கூடவே கூடாது, வெள்ளை மஞ்சளாகும். ரப்பர் வளையம் இழுபட்ட நிலையிலேயே இருந்தால் காற்றுபட்டு வெடிக்கும், அதனால் பழைய ஜோக்களைப் படுக்க வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பைப் பாருங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் மாற்றுங்கள். நானும் மாற்றினேன். ஆனால் வெளியே எடுத்த பழைய துண்டைத் தூக்கி எறியாதீர்கள். பொம்மையோடு சேர்த்து வையுங்கள். யார் பழுது பார்த்தது, எதைக் கொண்டு, எந்த வருடம் என்று ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். நாளைக்கு விற்றாலும் அந்தச் சீட்டோடு விற்கச் சொல்வேன். வாங்குபவர் அதற்கு விலை கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

போன சனிக்கிழமை ஸ்க்ரூவைத் திறந்தேன். பக்கத்தில் அப்பா. வயது 79, கண் மங்கல். டியூப் வளையம் இன்னும் அறவில்லை, ஆனால் வளைவு முழுக்க மயிரிழை வெடிப்பு. குழாய்ச் சாமான் கடையில் வாங்கிய புது ஓரிங்கை மாட்டிவிட்டு, பழையதை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். 38 வருடத்துக்கு மேல் தாங்கியிருக்கிறது என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அன்னிக்கு மூணு வெட்டினேன் ஐயா," என்றார். "ஒண்ணு டைட்டு. ஒண்ணு உள்ள போட்டேன். இது அறுந்தா நீ அழுவேன்னு இன்னொண்ணை முருகன் படத்துக்குப் பின்னால சொருகி வச்சேன். படத்தை எடுத்தமே, அதைப் பார்த்தியா?"